சுவர் மூச்சு விடட்டும்

பள்ளி விடுமுறைக்குப் பினாங்கு போயிருந்தேன். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், பூக்கடை வாசத்தோடு அஞ்சடியில் நடந்தால் மாமாவின் பழைய கடைவீடு. வாடகைக்கு விடலாமென்று, இருந்த சேமிப்பில் சுவருக்கு சிமெண்ட் பூசியிருந்தார். ஆறே மாதத்தில் பெயிண்ட் உப்பி உதிர்ந்தது. பாதிப் பணம் போச்சு!

பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விடும். சிமெண்ட் உள்ளேயே அடைத்துவிடும்.

மறுமுறை மாமா முதலில் கூரை ஒழுகலை அடைத்தார். பிறகுதான் சுண்ணாம்பு. தரை ஓடுகளைத் தேய்த்துக் கழுவியதோடு சரி. நடுமுற்றத்தை மூடவில்லை; வெளிச்சமும் காற்றும் இலவசம்.

2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த நகரம் இது. பழமைதான் இங்கே முதலீடு. மாடியில் இப்போது குடித்தனம் வந்தாச்சு.

பினாங்கு போனால், ஒரு பழைய சுவரைத் தொட்டுப் பாருங்கள், நேயர்களே!