முதல்ல தேதியைப் பாரு!



கடையில பால் பாக்கெட் வாங்கும்போது பெயரை மட்டுமா பார்க்கிறோம்? தேதியையும் பார்ப்போம். ஆனால் நாம் சொல்லித் தராவிட்டால் கம்ப்யூட்டர் தேதியைப் பார்க்காது. ஃபைலின் பெயர் சரியாக இருந்தால் போதும், வேலையை முடித்துவிடும். அதனால் என்ன வந்துவிடும் என்று கேட்கிறீர்களா? எங்கள் வகுப்பில் வந்தது.

பரீட்சை முடிந்ததும் வகுப்பு ஆசிரியர்கள் மார்க்கை டைப் செய்து பென்டிரைவில் லேபுக்குக் கொடுப்பார்கள். வகுப்புக்கு ஒரு ஃபைல். எல்லாப் பரீட்சைக்கும் ஒரே பெயர்தான். '9பி' என்றால் எப்போதும் '9பி'. இவற்றைச் சேர்த்து ரேங்க் கார்டு தயாரிக்க ஒரு பேட்ச் ஃபைல் உண்டு. பேட்ச் ஃபைல் என்றால் பெரிய விஷயம் இல்லை. கம்ப்யூட்டருக்கான கட்டளைகளை நோட்பேடில் வரி வரியாக எழுதி வைப்பதுதான். டபுள் கிளிக் செய்தால் மேலிருந்து கீழ்வரை செய்து முடிக்கும்.

2025 ஜனவரியில் அரையாண்டு மார்க் சேர்த்தபோது எங்கள் வகுப்பு ஃபைல் மட்டும் காப்பி ஆகவில்லை. ஃபோல்டரில் காலாண்டு ஃபைல் அதே பெயரில் இருந்தது. பேட்ச் ஃபைல் அதையே எடுத்துக்கொண்டது. எரர் எதுவும் வரவில்லை.

என் பக்கத்து பெஞ்ச் நண்பன் காலாண்டில் கணக்கில் 27. அதற்கப்புறம் மூணு மாசம் விடியக்காலையில எழுந்து படித்தான். வெள்ளிக்கிழமை வந்த கார்டில் மறுபடியும் 27. அவன் அப்பா திட்டவில்லையாம். "உனக்குப் படிப்பு வராதுப்பா, என்கூட வேலைக்கு வந்துடு" என்று மட்டும் சொன்னாராம். திங்கட்கிழமை விடைத்தாள் கொடுத்தார்கள். அவன் வாங்கியிருந்தது 68. கார்டை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அந்தச் சனி, ஞாயிறு? (பெயரைப் போடாதேடா என்றான். போடவில்லை.)

கம்ப்யூட்டர் மிஸ் அந்த பேட்ச் ஃபைலைத் திருத்தும்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

முதல் விஷயம்: விண்டோஸில் ஒரு ஃபைலுக்குப் பல தேதிகள் உண்டு. பென்டிரைவில் இருந்து காப்பி செய்தால் 'கிரியேட்டட்' தேதி இன்றைய தேதியாக மாறிவிடும். 'மாடிஃபைட்' தேதி பழையபடியே இருக்கும். அதனால் நாம் பார்க்க வேண்டியது மாடிஃபைட் தேதிதான்.

இரண்டாவது: நாம் எழுதுகிற மாதிரியே தேதியை ஒப்பிட்டால் கம்ப்யூட்டர் ஏமாந்துவிடும். 09-10-2024, 06-01-2025 இரண்டில் எது புதியது? நமக்குத் தெரியும். பேட்ச் ஃபைலோ இடமிருந்து எழுத்து எழுத்தாகப் பார்த்து, 06ஐ விட 09 பெரியது, அக்டோபர்தான் புதியது என்று சொல்லிவிடும். வருடம், மாதம், நாள் என்று திருப்பி 20241009, 20250106 ஆக்கிவிட்டால் சரியாகச் சொல்லும்.

மூன்றாவது: ஃபைல் பழையது என்றால் அங்கேயே நின்றுவிட வேண்டும். எந்த ஃபைல் பழையது என்று திரையில் காட்ட வேண்டும். பாதி வேலை செய்துவிட்டுச் சொல்லி என்ன பயன்?

இது நம் லேபுக்கு மட்டும் வந்த தலைவலி இல்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஒருவர் புரோகிராமில் இருந்த தவறைத் திருத்திவிட்டார். ஆனால் திருத்திய ஃபைல் கம்பைல் ஆகவில்லை. அது தெரியாமல், சரியாக இருந்த புரோகிராமிலேயே ஒரு காலைப்பொழுது முழுக்கத் தவறைத் தேடினார். அதைக் கேட்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் 'மேக்' என்ற கருவியை எழுதினார். எது புதியது என்று ஃபைல்களின் நேரத்தைப் பார்த்து, மாறியதை மட்டும் மறுபடி கம்பைல் செய்யும். அதற்காக அவருக்கு ஏ.சி.எம். அமைப்பின் 2003ஆம் ஆண்டு விருது கிடைத்தது. இன்றும் அந்தக் கருவி பயன்படுகிறது.

ஆனால் தேதியை மட்டும் நம்பவும் கூடாது. பழைய ஃபைலைத் திறந்து சும்மா சேவ் கொடுத்தாலே புதுத் தேதி விழுந்துவிடும். மதர்போர்டு பேட்டரி தீர்ந்தால் கம்ப்யூட்டர் கடிகாரமே தப்பாகக் காட்டும். அதனால் இப்போது எல்லா ஃபைலின் பெயரும் தேதியும் முதலில் திரையில் வரும். மிஸ் படித்துப் பார்த்து ஒரு கீ அழுத்தினால்தான் மேற்கொண்டு போகும்.

லேபில் நீங்களும் பேட்ச் ஃபைல் எழுதுவீர்கள். வேலை செய்கிற வரிக்கு முன்னால் தேதி பார்க்கிற வரியை எழுதுங்கள். நாலைந்து வரிதான் கூடும். அந்த ஃபைலுக்குள் இருப்பது யாரோ ஒருத்தருடைய மூணு மாச உழைப்பாக இருக்கலாம்.