எட்டாம் நூற்றாண்டு மாறிப்போன ஊர்

நெடுநாள் கழித்து ஊருக்குப் போய்வருகிறவர்கள், சந்தி அடையாளம் தெரியவில்லை, பள்ளிக்கூடத்தை இடித்துவிட்டார்கள், பக்கத்து வளவில் மாடிவீடு எழும்பிவிட்டது என்று சொல்லிக்கொண்டு திரும்புவார்கள். நான் போன கிராபன் கிராமத்தில் அப்படிச் சொல்ல எதுவும் இல்லை. தேவாலயம் அங்கேயே நிற்கிறது. செங்குத்தான ஓட்டுக்கூரைகள், சுவரோரம் அடுக்கிய விறகு, பின்வளவு அப்பிள் மரங்கள் எல்லாம் விட்டது விட்டபடி. மாறியிருந்தது அந்த ஊரின் எட்டாம் நூற்றாண்டு.

கிராபன், ஜேர்மனியின் பவேரியா மாநிலத்தில், பிராங்கோனியப் பகுதியின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது. கிட்டிய பட்டணம் ட்ரொய்ஷ்லிங்கன். 1970களின் உள்ளாட்சிச் சீரமைப்பில் ஊரை அந்தப் பட்டணத்தோடு சேர்த்துவிட்டார்கள். ஊர்க்காரரைப் பவேரியர் என்று சொல்லிப் பாருங்கள், முகம் போகிற போக்கு தெரியும். நெப்போலியன் ஐரோப்பாவைக் கலைத்து அடுக்கிய காலத்தில்தான் இந்தப் பக்கம் பவேரியாவிடம் வந்தது. அதற்கு முன்பு சுற்றுவட்டாரம் அன்ஸ்பாக் பிரபுக்கள், பாப்பன்ஹைம் பிரபுக்கள், பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்ட வைசன்பூர்க் நகரம் என்று துண்டுதுண்டாகக் கிடந்தது. இருநூறு வருடம் கடந்தும் அந்தச் சேர்க்கை ஊரில் நேற்றைய சங்கதிதான்.

எங்கள் குடும்பம் அங்கே போனது 1985ல். கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கி, ரயிலில் மேற்கு பெர்லினுக்குள் கடந்த கூட்டத்தில் நாங்களும் இருந்தோம். அந்த ஒரு வருடத்தில் மட்டும் இலங்கையிலிருந்து வந்த பதினேழாயிரத்துக்கும் அதிகமானோர் மேற்கு ஜேர்மனியில் தஞ்சம் கேட்டார்கள். நியூரன்பேர்க்குக்குப் பக்கத்து ஸிர்ண்டோர்ஃப் முகாமில் கொஞ்சக்காலம் இருந்தோம். பிறகு ஆட்களை மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து அனுப்பியபோது எங்களுக்கு விழுந்தது இந்தப் பக்கம். யாழ்ப்பாணத்து வடமராட்சி எனக்கு அம்மாவின் வாய்வழி வந்த ஊர். நினைவு தெரிந்து நான் நடந்த முதல் தெரு, விழுந்து முழங்கால் உடைத்த முதல் மண் எல்லாம் கிராபனில்தான்.

தஞ்ச வழக்கு முடியும்வரை அனுமதியில்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது என்பது அப்போதைய சட்டம். வேலை செய்யவும் அனுமதி இருக்கவில்லை. கை சும்மா இருந்து பழகாத அப்பாவுக்கு எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. என்னையும் கூட்டிக்கொண்டு நடப்பார். நடந்துபோக ஊரில் ஓர் இடம்தான் உண்டு. ஊருக்கே பெயர் கொடுத்த பள்ளம் அது.

வீடுகள் முடிகிற இடத்தில் தொடங்கி ஏறக்குறைய அரைக் கிலோமீற்றருக்கு அதில் தண்ணீர் நிற்கும். இரண்டு கரையிலும் மண்மேடு, சில இடங்களில் பத்து மீற்றர் உயரம். மேட்டில் பெரிய மரங்கள். தண்ணீரின்மேல் பாசி, அதைக் கிழித்துக்கொண்டு போகும் வாத்துகள். பனிக்காலத்தில் உறைந்ததும் பிள்ளைகள் சறுக்கப் போவோம். குளம் என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். கதையைப் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள்.

கிராபனுக்குத் தென்மேற்கே அல்ட்ம்யூல் ஆறு ஓடுகிறது. பவேரியாவிலேயே மிக மெதுவாக ஓடும் ஆறு என்று பெயர் வாங்கியது. அது தனூப்பில் விழுந்து கருங்கடலுக்குப் போகிறது. வடக்கே இரண்டு மூன்று கிலோமீற்றர் தள்ளி ரெட்சாட் என்ற சிற்றாறு. அது மைன், ரைன் வழியாக வடகடலுக்குப் போகிறது. ஐரோப்பாவின் பெரிய நீர்ப்பிரிமேடு இரண்டுக்கும் நடுவே கிடக்கிறது. மேடு என்றதும் மலையை நினைக்க வேண்டாம். அல்ட்ம்யூல் கரையிலிருந்து பத்து மீற்றர் அளவே உயர்ந்த ஈரமான புல்வெளி. சைக்கிளில் போகிறவருக்கு மூச்சுக்கூட வாங்காது.

இவ்வளவு தாழ்ந்த பிரிமேடு எப்படி வந்தது என்பதற்கு நிலம் பதில் வைத்திருக்கிறது. பல மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பு ஆதி மைன் ஆறு வடக்கிலிருந்து இந்த வழியாகவே தெற்கே ஓடித் தனூப்பில் கலந்தது. சுமார் 15 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் நோர்ட்லிங்கன் பக்கம் விண்கல் விழுந்தபோது, தெறித்த கல்லும் மண்ணும் அந்த ஆற்றை மறித்து இங்கே பெரிய ஏரி ஒன்று தேங்கியது. பிற்காலத்தில் ரைன் ஆற்றுத் தொகுதி மைனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. ஆறு போய்விட்டது, பள்ளத்தாக்கு மிஞ்சியது. இன்றைக்கு அதில் ஓடும் அல்ட்ம்யூல், தகப்பனின் செருப்பைப் போட்டு நடக்கும் பிள்ளைபோலத்தான் தெரியும். ரயில்பாதையும் இரண்டாம் இலக்க நெடுஞ்சாலையும் இந்த வெற்றுப் பள்ளத்தாக்கு வழியேதான் போகின்றன.

793ல் பிராங்கிய அரசர் சார்லமேனும் இதே இடத்தைத்தான் தேர்ந்தார். கிழக்கே அவார் இனத்தவரோடு போர். ரைன் கரையிலிருந்து தனூப்புக்குப் படகு நேரே போக வழி இல்லை. இரண்டு ஆறுகளுக்கும் இடையே வாய்க்கால் வெட்டினால் போகலாம் என்று விஷயம் தெரிந்தவர்களாகச் சொல்லிக்கொண்ட சிலர் அவருக்குச் சொன்னார்களாம். பிராங்கிய அரச ஆண்டுக்குறிப்பு அப்படித்தான் எழுதுகிறது. அரசர் பரிவாரத்தோடு வந்து அந்த இலையுதிர்காலம் முழுவதும் தங்கினார். பெருந்திரளான ஆட்கள் வெட்டினார்கள். நீளம் இரண்டாயிரம் தப்படி, அகலம் 300 அடி. விடாத மழை, சதுப்பு நிலம். பகலில் வெட்டி எடுத்த மண் இரவில் திரும்பச் சரிந்தது. சாக்சன்கள் கிளம்பிவிட்டார்கள், தெற்கே சரசேனியர் புகுந்துவிட்டார்கள் என்ற செய்திகளும் வர, அரசர் புறப்பட்டுப் போனார். கிறிஸ்மஸுக்கு அவர் வ்யூர்ட்ஸ்பூர்க்கில்.

நான் வளர்ந்த காலத்தில் ஊரில் இது பகிடிக்கதை. உலகை ஆண்டவன் எங்கள் சேற்றில் வழுக்கி விழுந்தான் என்பதில் ஊருக்கே ஒரு குஷி. ஆண்டவன் இரண்டாகப் பிரித்து வைத்த தண்ணீரை மனிதன் சேர்க்கப் போகலாமா என்று கேட்பார், எங்களுக்கு மேல்மாடியை வாடகைக்குத் தந்த கிழவி. அப்பா மட்டும் சிரிக்க மாட்டார்.

"இதிலை பகிடி பண்ண என்ன கிடக்கு? எங்கடை முள்ளியான் வாய்க்காலும் இப்பிடித்தானே கிடக்குது," என்பார்.

யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்ற பொறியியலாளர் ஆறுமுகத்தின் திட்டத்தை மனதில் வைத்துத்தான் சொல்வார். தொண்டைமானாற்றில் கதவணை எழும்பியது. ஆனையிறவு நீரேரியின் தண்ணீரை வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுவர வேண்டிய முள்ளியான் வாய்க்கால் அரைகுறையாக நின்றது. கிணற்றுத் தண்ணீரை அளந்து இறைத்து வளர்ந்தவருக்கு, ஒரு வாய்க்கால் நின்றுபோவது சிரிக்கிற விஷயமாகப் படவில்லை.

பிறகு வழக்கு முடிந்தது. அப்பா சுண்ணக்கல் அறுக்கும் பட்டறையில் தூசி குடித்தார். என் பதின்வயதில் சொந்தக்காரரைத் தேடிக் கனடாவின் ஸ்காபரோவுக்குப் போய்விட்டோம்.

இம்முறை நியூரன்பேர்க்கிலிருந்து ரயிலில் போனேன். முன்பெல்லாம் மியூனிக் போகும் பெரிய வண்டிகள் ட்ரொய்ஷ்லிங்கன் வழியாகவே போகும். இரவில் அவற்றின் ஓசை கிராபன்வரை கேட்கும். 2006ல் இங்கோல்ஸ்டாட் வழியாக அதிவேகப் பாதை திறந்த பின் அந்த ஓட்டம் குறைந்துவிட்டது. நாலா திசைக்கும் பாதை பிரியும் சந்தி என்பதால் வளர்ந்த பட்டணம் அது. அதே காரணத்துக்காக 1945 பெப்ரவரி 23ல் குண்டும் வாங்கியது. ஏறத்தாழ 600 பேர் செத்தார்கள்.

கிராபனில் பழைய களஞ்சியம் ஒன்றில் வாய்க்காலைப் பற்றிக் கண்காட்சி வைத்திருக்கிறார்கள். உள்ளே ஓய்வுபெற்ற மனிதர் ஒருவர் நின்றார். நான் அந்த ஊர்ப் பேச்சில், ப, ட எல்லாவற்றையும் மெத்தென்று உருட்டி வணக்கம் சொன்னதும் ஒரு கணம் முழித்தார். எந்த வீடு என்று சொன்னேன். கிழவியின் பெயரைச் சொல்லி, "அவ போய்க் கனகாலம்" என்றார். அதோடு என் விசாரணை முடிந்தது. அவருக்குச் சொல்ல வேறு பெரிய விஷயம் இருந்தது.

ஒரு படத்தின் முன்னால் என்னை நிறுத்தினார். குழியின் அடியில் கறுத்த சேறு, அதில் வரிசையாகக் குத்தி நிற்கும் ஓக் மரக்கட்டைகள். கோடாலி பட்ட இடங்கள் தெரிந்தன. 2013ல் ஊருக்கு வடக்கே, நாங்கள் பட்டம் விட்ட புல்வெளிப் பக்கம் தோண்டியபோது கிடைத்தவை. லைப்சிக், யேனா பல்கலைக்கழக ஆட்களும் பவேரியத் தொல்லியல் திணைக்களமும் நிலத்தைத் துளைபோட்டும், மின்காந்த அலைகளால் துழாவியும், விமானத்திலிருந்து லேசர் கதிரால் அளந்தும் வேலை செய்தார்கள். மரத்தின் வளையங்களை எண்ணிப் பார்த்ததில், அது வெட்டுண்ட காலம் 793ல் வந்து நின்றது. ஆண்டுக்குறிப்பு எழுதியவர் பொய் சொல்லவில்லை.

அதைவிட முக்கியமானது வெட்டிய விதம். 1990களில் இது தொடர் வாய்க்காலே அல்ல, குளம் குளமாக மறித்துப் படகை இழுத்துக் கடத்த நினைத்தார்கள் என்று ஒரு கருத்து ஓடியது. புதிய ஆய்வில் அது விழுந்தது. ஐந்தாறு மீற்றர் அகலத்தில் படகுப் பாதை, இரண்டு ஓரமும் சரியாதபடி மரக்கட்டை அடித்த தொடர் வாய்க்கால் அது. கோடும் நேர்கோடு அல்ல. எங்கே நிலம் மிகத் தாழ்ந்திருக்கிறதோ அங்கே தேடித் தேடி வளைந்து போகிறது. லேசர் இல்லாத காலத்தில், கண்ணுக்குத் தெரியாத சாய்வை யாரோ சரியாகப் பிடித்திருக்கிறார்கள். விஷயம் தெரிந்தவர்களாகச் சொல்லிக்கொண்டவர்களுக்கு விஷயம் தெரிந்தே இருந்திருக்கிறது.

ஆனாலும் இரண்டு ஆறுகளையும் தொடுமுன் வேலை நின்றுவிட்டது. வடக்குப் பக்கத்தில் மரக்கட்டைகளோடு கிட்டத்தட்ட முடித்த வேலையும் இருக்கிறது, தொடங்கிக் கைவிட்ட வேலையும் இருக்கிறது. வாய்க்காலைக் கெடுத்த சதுப்புத் தண்ணீர்தான், காற்றுப் படாமல் மூடி, அந்த மரத்தை உக்காமல் காத்துக் கொடுத்தது.

"நாங்கள் சின்னனில் பகிடி பண்ணினோம். இப்போது பண்ணுவதில்லை," என்றார் அந்த மனிதர்.

என்னை நிறுத்தியது இதுதான். நான் இல்லாத காலத்தில் ஊரின் தெருக்கள் அசையவில்லை. அதன் பழங்கதை மட்டும் தலைகீழானது. சேற்றில் விழுந்த அரசனின் ஊர், திறமான வேலை மழையில் நின்றுபோன ஊர் ஆகிவிட்டது. ஊரை விட்டுப் போகிறவர் அதன் இன்றைய நாளை இழக்கிறார் என்று நினைத்திருந்தேன். அதன் பழைய நாளையும் அங்கே இருந்தவர்கள்தான் திருத்திக்கொள்கிறார்கள்.

தண்ணீர் கடைசியில் மேட்டைக் கடந்தும்விட்டது. மன்னர் முதலாம் லூட்விக் 1836லிருந்து 1846வரை வெட்டுவித்த கால்வாய் கிழக்கே நொய்மார்க்ட் பக்கமாகப் போனது, நூறு மதகுப் பூட்டுகளோடு. 1992ல் திறந்த மைன்-தனூப் கால்வாயும் கிராபனைத் தொடவில்லை. ஆனால் தண்ணீர் குறைந்த வடபவேரியாவுக்குத் தெற்கின் தண்ணீரைக் கொண்டுபோக 1970ல் மாநில நாடாளுமன்றம் எடுத்த முடிவால், அல்ட்ம்யூலின் வெள்ளநீர் சுரங்கவழி ஒன்றில் பிரிமேட்டைக் கடந்து ப்ரொம்பாக் ஏரிக்குப் போகிறது. ஏரியிலிருந்து அது இறங்குவது ரெட்சாட் ஆற்றில். சார்லமேன் சேர்க்க நினைத்த அதே இரண்டு ஆறுகள். படகு இல்லை, தண்ணீர் மட்டும் போகிறது. ஏரிக்கரையில் கோடையில் ஆட்கள் குளிக்கிறார்கள்.

அன்றிரவு அப்பாவுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். மரக்கட்டைக் கதையை இரண்டு தரம் சொல்லவைத்துக் கேட்டார். பிறகு ஒரு கேள்வி.

"வெட்டின சனத்துக்குக் கூலி குடுத்தவனோ?"

"அந்தக் காலத்திலை ஏது அப்பா கூலி? அரச கட்டளை. ஆள் அனுப்பச் சொன்னால் அனுப்பத்தான் வேணும்."

"அப்ப மழை மட்டும் காரணமில்லை," என்றார் அப்பா.