மீடியா மாற்றும் கைகள்

செல் வளர்ப்பு அறைக்குள் நுழைகிறவரின் கண்ணில் முதலில் படுவது ஒரு நிறம். பிளேட்டின் குழிகளில் செல்லுக்குத் தீனியாக நிற்கும் மீடியா என்ற திரவம் இளஞ்சிவப்பாக இருக்கிறதா, மஞ்சளுக்குப் போய்விட்டதா என்பதை இன்குபேட்டர் கதவைத் திறந்ததுமே அங்கே வேலை செய்கிறவர்கள் பார்த்துவிடுகிறார்கள். மஞ்சள் என்றால் அமிலம் ஏறிவிட்டது, தீனி தீர்ந்துகொண்டிருக்கிறது. பிளேட்டை ஹூடுக்குள் வைத்து, ஒவ்வொரு குழியிலும் பழைய மீடியாவில் பாதியை மட்டும் உறிஞ்சி, சுவரோரமாகச் சொட்டுச் சொட்டாகப் புதியதை விடுகிறார்கள். அவசரப்பட்டு மேலேயிருந்து பீய்ச்சினால், வாரக்கணக்கில் வளர்த்த நரம்புச் செல்களின் வலை ஓரம் பெயர்ந்து பாய்போலச் சுருண்டுவிடும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இந்த வேலை உண்டு. ஞாயிறும் தீபாவளியும் செல்லுக்குத் தெரியாது. ஆய்வுக்கட்டுரையில் இத்தனை உழைப்புக்கும் கிடைப்பது ஒரு வரி. ஆனால் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை ஆராய்கிற இடத்தில், முடிவின் பெரும்பகுதி அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது என்பது என் வாதம்.

மூளை உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். உடல் செலவிடும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 சதவீதம் அதற்குப் போகிறது. மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் உண்டாகும்போது கொஞ்சம் ஆக்சிஜன் தடம் மாறி சூப்பராக்சைடாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் ஆகிறது. அவற்றைத் துடைத்தெடுக்கும் ஏற்பாடு தோற்கும் நிலையை ஹெல்முட் சீஸ் 1985இல் 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்' என்று வரையறுத்தார். பார்க்கின்சன் நோயில் மடியும் டோபமைன் செல்களில் அதன் தடயம் காணப்படுகிறது. உயிரோடிருக்கும் மனிதரின் மூளையைத் திறந்து இதைப் பார்க்க முடியாது என்பதால்தான் பிளேட்டும் இன்குபேட்டரும். ஆனால் பிளேட்டுக்கு வந்த செல் எந்த நிலையில் இருக்கிறது? மூளைத் திசுவில் ஆக்சிஜன் பெரும்பாலும் 1 முதல் 5 சதவீதம். வழக்கமான இன்குபேட்டரின் காற்றில் 18 சதவீதத்துக்கும் மேல். அதே சமயம், நரம்புச் செல்லுக்கென்று மீடியாவில் சேர்க்கும் பி27 கலவையில் வைட்டமின் ஈ, குளுட்டாத்தியோன், கேட்டலேஸ், சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்று ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பவை எல்லாம் இருக்கின்றன. ஒரு கை அடுப்பை ஏற்றுகிறது, மறு கை தண்ணீர் தெளிக்கிறது. குழியில் மீடியா எத்தனை மில்லிமீட்டர் உயரம் நிற்கிறது என்பதுகூட அடியில் ஒட்டியிருக்கும் செல்லை எட்டும் ஆக்சிஜனை மாற்றிவிடும். மீடியா புட்டியை அலுமினியத் தாள் சுற்றி வைப்பதைப் பார்க்கிறவருக்கு அது வெறும் பழக்கமாகத் தோன்றலாம். வெளிச்சம் பட்டால் அதிலுள்ள ரைபோஃபிளேவின் தானே பெராக்சைடை உண்டாக்கும். புட்டியைச் சுற்ற மறந்த நாளில், யாரும் திட்டமிடாத ஒரு பரிசோதனை நடந்து முடிந்திருக்கும்.

இதற்கு உடனே வரும் மறுப்பு வலுவானது: சோதிக்கும் பொருள் சேராத கன்ட்ரோல் குழிகளும் அதே காற்றில், அதே மீடியாவில்தானே இருக்கின்றன, குறை இரண்டு பக்கமும் சமமாகக் கழிந்துவிடாதா? சோதிக்கும் பொருள் மீடியாவோடு வினைபுரியாதவரை கழியும். பாரி ஹாலிவெல்லும் அவருடைய சகாக்களும் சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டையொட்டிக் காட்டியது இதைத்தான்: தாவரங்களிலுள்ள பல பாலிஃபீனால்கள் மீடியாவில் கலந்த சிறிது நேரத்திலேயே தாமே ஆக்சிஜனேற்றம் அடைந்து பெராக்சைடைக் கக்குகின்றன. பிறகு செல் செத்தாலும் பிழைத்தாலும் காரணம் அந்தப் பொருளா, அது மீடியாவில் கிளப்பிவிட்ட பெராக்சைடா? பெராக்சைடை நாமே ஊற்றித் தாக்கும் பரிசோதனையிலும் இதே சிக்கல் உண்டு. பெரும்பாலான மீடியாக்களில் இருக்கும் பைருவேட் பெராக்சைடோடு நேரடியாக வினைபுரிந்து அதை ஒழிக்கிறது. செல் நெருக்கமாக இருந்தால் ஊற்றிய அளவு சீக்கிரம் காலியாகிறது. அதே 100 மைக்ரோமோலார் பெராக்சைடு, பாதி அடர்த்தியில் விதைத்த குழியில் வேறு நஞ்சு. அளக்கும் முறைகளும் அப்பாவிகள் அல்ல. செல் உயிரோடிருக்கிறதா என்று காட்டும் எம்டிடி சோதனையில் மஞ்சள் சாயம் ஊதாவாக வேண்டும். சில தாவரச் சாறுகள் செல்லே இல்லாத குழியிலும் அதை ஊதாவாக்கிவிடும். மஞ்சள் கிழங்கின் குர்குமின் தானே ஒளிரக்கூடியது, மீடியாவில் விரைவாகச் சிதையவும் செய்கிறது. மஞ்சளும் வல்லாரையும் மூளைச் செல்லைக் காக்கின்றன என்ற செய்தித் தலைப்பைப் பார்க்கும்போது, செல் இல்லாத குழியை யாராவது அளந்தார்களா என்றுதான் நான் கேட்க விரும்புகிறேன்.

செல்லை மாற்றினால் தீரும் என்பார்கள் சிலர். அதில் பாதி உண்மை. இத்துறையில் அதிகம் புழங்கும் எஸ்எச்-எஸ்ஒய்5ஒய், 1970இல் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த புற்றுச் செல்களின் வழிவந்தது; ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கும் செல்லின் ஆற்றல் கணக்கு நரம்புச் செல்லுடையது ஆகாது. ஷின்யா யமனாகாவின் குழு 2007இல் மனிதத் தோல் செல்லை ஆதிநிலைக்குத் திருப்பிய பிறகு, நோயாளியின் செல்லிலிருந்தே நரம்புச் செல் வளர்க்க வழி பிறந்தது. ஆனால் அந்தத் திருப்பலில் வயதின் அடையாளங்களும் பெருமளவு அழிந்துவிடுகின்றன. எழுபது வயது நோயாளியிடமிருந்து கிடைப்பது கருவின் செல்லைப் போன்ற இளஞ்செல். முதுமையின் நோயை அதில் எப்படிப் பார்ப்பது? காத்திருந்துதான். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் டிமிட்ரி கிரைங்கின் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சாட்சி. டிஜே-1 மரபணுப் பழுதுள்ள பார்க்கின்சன் நோயாளிகளின் செல்லிலிருந்து டோபமைன் நரம்புச் செல்களை மாதக்கணக்கில் வளர்த்தார்கள். காலம் செல்லச் செல்ல மைட்டோகாண்ட்ரியாவின் அழுத்தம் கூடி, டோபமைன் ஆக்சிஜனேற்றம் அடைந்து, லைசோசோமின் வேலை குன்றியது. அதே பழுதுள்ள எலியின் செல்களில் இந்தத் தொடர் நிகழவில்லை. மனிதச் செல் டோபமைனைக் கையாளும் விதம் வேறு. வெளியிலிருந்து ஊற்றாமல் உள்ளேயே திரண்ட அழுத்தம் இது, மனிதச் செல் இல்லாமல் கண்டிருக்கவே முடியாதது. செல் வளர்ப்பே பொய் என்று கைகழுவுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. இத்தனை மாதம் செல்லைப் பெயராமல் வைத்திருந்ததே அந்தக் கண்டுபிடிப்பின் முதல் பாதி என்றும் சொல்வேன்.

ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் மருந்துகள் நோயாளிகளிடம் தோற்றதைப் பிளேட்டின் இந்தக் குறைகளோடு முடிச்சுப் போடுவதில் நிதானம் வேண்டும். பார்க்கின்சன் நோயின் தொடக்க நிலையில் இருந்த 800 பேரிடம் நடந்த டாட்டாடாப் சோதனையில் வைட்டமின் ஈ நோயைத் தணிக்கவில்லை என்று 1993இல் தெரிந்தது. கோஎன்சைம் கியூ10ஐ 600 பேரிடம் சோதித்தபோதும் அதே கதை. மருந்து மூளையை எட்டும் அளவு, அது தரப்படும் காலம், நோயாளிக்கு நோயாளி மாறும் காரணங்கள் எல்லாம் இதில் உண்டு. பிளேட்டின் மேல் மட்டும் பழிபோட முடியாது. குறைந்த ஆக்சிஜன் இன்குபேட்டருக்கு நைட்ரஜன் சிலிண்டர் வேண்டும், செலவாகும் என்ற முறையீட்டையும் மதிக்கிறேன். ஆனால் செல் இல்லாத ஒரு வரிசைக் குழிக்கும், பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் சேர்த்த ஒரு வரிசைக்கும் பெரிய மானியம் தேவையில்லை. செல்லைப் பிரித்து மறுபடி விதைத்த எத்தனையாவது பாசேஜ், எந்த பி27, புட்டி திறந்த தேதி, பெராக்சைடு அன்றன்று கலந்ததா என்பதெல்லாம் மீடியா மாற்றுகிறவரின் நோட்டில் ஏற்கெனவே பேனாவால் எழுதியிருக்கிறது. அந்த நோட்டு இன்குபேட்டரின் தலைமாட்டிலேயே கிடக்க, கட்டுரையில் அச்சாவது 'வழக்கமான சூழலில் வளர்க்கப்பட்டன' என்ற வரி.