கீழாநெல்லிக்குக் கிடைச்ச பேர்

எங்க அடுக்கத்துல மஞ்சள்காமாலைன்னா முதல்ல தேடுறது கீழாநெல்லியைத்தான். வேரோட பிடுங்கி அரைச்சு, மோர்ல கலக்கிக் குடிப்பாங்க. படிக்காத சனம்னு இதை ஒதுக்கிட முடியாதுங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு தனி. மழைக்காலத்துல பெருமாள்மலை, கும்பக்கரை ரோட்டுல மண் சரிஞ்சா அதுவும் இல்லை. போய்ச் சேர்ந்தாலும் வரிசையில ரெண்டு மணி நேரம், டாக்டர் பார்க்குறது ரெண்டு நிமிஷம். நாட்டு வைத்தியரோ திண்ணையில உட்காரவச்சு, நாடி பிடிச்சு, என்ன சாப்பிட்டேன்னு கேட்பார்.

அதோட, அவர் வைத்தியம் பலிக்கவும் செய்யுது. கெட்ட தண்ணியால வர்ற ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலும் சில வாரத்துல தானாவே இறங்கிடும். பேர் மட்டும் இலைக்குப் போயிடும். பாம்புக்கடியும் அப்படித்தான். விஷமில்லாத பாம்பு கடிச்சவர் பிழைச்சா, பச்சிலை காப்பாத்துச்சுன்னு பேச்சு. அந்த நம்பிக்கையில கட்டுவிரியன் கடிச்சவரையும் அதே திண்ணைக்குத் தூக்கிட்டுப் போறப்பதான் உயிர் போகுது. கட்டுவிரியன் கடியில வலி, வீக்கம் பெருசா தெரியாது. விஷமுறிவு ஊசியை விட்டா வேற மருந்தும் கிடையாது.

2021 ஆகஸ்ட்ல வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துல சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தர்றாங்க. வாசலுக்கு வந்தா இங்கிலீஷ் மருந்தையும் நம்ம சனம் வாங்கிக்கும்.

கீழாநெல்லி குடிக்கிறவங்க குடிங்க, கூடவே ரத்தத்தையும் சோதிச்சுப் பார்த்துடுங்க. பாம்பு கடிச்சா மட்டும் யோசிக்காம 108-க்குப் போன் போடுங்க.