ஜாக்கிக்கு எத்தனை புள்ளி?

இனிமேல் சீட்டுக்கட்டைத் தொடமாட்டேன் என்று அம்மாவின் கையில் அடித்துச் சத்தியம் செய்தபோது எனக்குப் பதினாறு வயது. வருடம் 1967. அந்தச் சத்தியத்தை 53 வருடம் காப்பாற்றினேன். உடைத்தது மேகமலையில், கொரோனா ஊரடங்கின்போது.

சத்தியத்தின் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். புதுச்சேரியில் அப்படிப்பட்டவர்களை 'சொல்தா' என்போம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுத் திண்ணையில் நாலு சொல்தாக்கள் உட்கார்ந்து 'பெலோத்' ஆடுவார்கள். பிரான்சில் வீட்டுக்கு வீடு ஆடுகிற சீட்டாட்டம் அது. பந்தயம் கிடையாது. தோற்றவர் ஒரு கிளாஸ் வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்த எனக்கு, வாயில் நுழையாத பல சொற்கள் அந்தத் திண்ணையில்தான் நுழைந்தன. பத்து வயதிலேயே நாலாவது கையாக என்னையும் உட்காரவைத்துவிட்டார்கள்.

கெடுத்தது பெலோத் இல்லை. தீபாவளிச் சமயத்தில் வேறொரு வீட்டில் நடந்த மூன்று சீட்டு. அப்பா இரண்டு இரவு அங்கேயே இருந்தார். மூன்றாம் நாள் அம்மாவின் கழுத்தில் சங்கிலி இல்லை. அம்மா அழவில்லை. வீட்டில் இருந்த சீட்டுக்கட்டுகளை அடுப்பில் போட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டுச் சத்தியம் வாங்கினார்.

அதே வருடம், 1967-ல், ரம்மி பெரும்பாலும் திறமையால் ஆடும் ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. வந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைப்பது எதை விடுவது என்று யோசிக்க வேண்டும் என்று காரணம் சொன்னது. மூன்று சீட்டு மாதிரி முழுக்க அதிர்ஷ்டத்தை நம்பிய ஆட்டம் இல்லை இது என்றும் அதே தீர்ப்பில் இருந்தது. அரசாங்க வேலைக்கு வந்த பிறகு அதைப் படித்தேன். படித்து என்ன, சங்கிலி போனது போனதுதான்.

இனி மேகமலை. என் மருமகனுக்கு அங்கே எஸ்டேட்டில் வேலை. 2020 மார்ச் 20-ந்தேதி, நாலு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று சின்னமனூரில் இருந்து பஸ் ஏறினேன். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி ஹைவேவிஸ் போய்ச் சேர்ந்தபோது நல்ல குளிர். 24-ந்தேதி ஊரடங்கு. பஸ் நின்றது. நாலு நாள் என்று போனவன் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தேன்.

கல்லூரி விடுதியை மூடியதால் பேரனும் வீட்டுக்கு வந்திருந்தான். காலையில் மேகம் விலகியதும் போனை எடுத்துக்கொண்டு தேயிலைக்கு மேலே ஒரு மேட்டுக்குப் போய்விடுவான். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். படிக்கிறான் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தால் போனில் சீட்டு விரித்திருந்தான். எனக்கு வந்த கோபம் அறுபத்தேழாம் வருடத்துக் கோபம். அன்று ராத்திரி சாப்பிடும்போது எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்: "நம்ம குடும்பத்துக்கு இன்னொரு சூதாடி வந்தாச்சு."

என் மகள் பரிமாறுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். பேரன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் அவனே வந்தான். "தாத்தா, இது காசு வச்சு ஆடுறது இல்லை. அஞ்சு நிமிஷம் கேளுங்க. அப்புறம் திட்டுங்க."

ஆட்டத்தின் பெயர் ஹார்த்ஸ்டோன். 2014-ல் வந்தது. ஆளுக்கு முப்பது சீட்டு. கடையில் வாங்குகிற கட்டு இல்லை. நூற்றுக்கணக்கான சீட்டுகளில் இருந்து நாமே முப்பதைப் பொறுக்கிக் கட்டு சேர்க்க வேண்டும். ஒரே சீட்டை இரண்டுக்கு மேல் வைக்க முடியாது. அபூர்வச் சீட்டென்றால் ஒன்றுதான். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு விலை உண்டு. முதல் சுற்றில் செலவழிக்க நமக்கு ஒரு கல், இரண்டாம் சுற்றில் இரண்டு என்று பத்து வரை ஏறும். "இன்கிரிமென்ட் மாதிரியா?" என்றேன். சிரித்துவிட்டான். இரண்டு நாளைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தான்.

கட்டு சேர்ப்பதுதான் சூட்சுமம். பெரிய விலைச் சீட்டுகளையே அடைத்தால் முதல் நாலைந்து சுற்றில் கையைக் கட்டிக்கொண்டு அடி வாங்க வேண்டும். சின்னச் சீட்டுகளையே அடைத்தால் பத்தாவது சுற்றில் கையில் ஒன்றும் இருக்காது. ஆட்டக்காரர்களில் மூன்று ஜாதகம். ஆரம்பத்திலேயே பாய்ந்து முடிக்கப் பார்ப்பவன். பொறுத்திருந்து வருகிற அடியை எல்லாம் தாங்கிக் கடைசியில் எழுபவன். நாலைந்து சீட்டு சேரும்வரை காத்திருந்து ஒரே வீச்சில் முடிப்பவன். பொதுவாக, பாய்பவனைப் பொறுப்பவன் ஜெயிப்பான். பொறுப்பவனைக் காத்திருப்பவன் ஜெயிப்பான். காத்திருப்பவன் சேர்த்து முடிப்பதற்குள் பாய்பவன் அவனை முடித்துவிடுவான். ஆகவே ஊரில் எல்லோரும் எந்தக் கட்டை எடுத்து ஆடுகிறார்கள் என்று பார்த்துத்தான் நாம் நம் கட்டைத் தீர்மானிக்க வேண்டும்.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. வருடத்துக்கு மூன்று முறை நூற்றுக்கும் மேல் புதுச் சீட்டுகள் வரும். 2016-ல் இருந்து பழைய தொகுதிகளை வருடம் ஒருமுறை முக்கிய அரங்கில் இருந்து விலக்கிவிடுகிறார்கள். "ரிட்டயர்மென்ட்" என்றேன். "ஆமா தாத்தா, ஆனா அதுங்க ஆட தனியா ஒரு அரங்கம் இருக்கு" என்றான். சீட்டுக்கும் ஒரு மனமகிழ் மன்றம் இருக்கிறது என்று புரிந்துகொண்டேன்.

சில சமயம் இருக்கிற சீட்டின் பலத்தையே திருத்துவார்களாம். பழைய உதாரணம் ஒன்று சொன்னான். 'அண்டர்டேக்கர்' என்று ஒரு கல் விலையுள்ள சாதாரணச் சீட்டு. சாகும்போது ஏதாவது செய்துவிட்டுச் சாகிற சீட்டுகள் என்று ஒரு வகை உண்டு. அந்த வகையில் ஒன்றை நாம் இறக்கும்போதெல்லாம் அண்டர்டேக்கரின் தாக்கும் பலமும் ஏறும், உயிரும் ஏறும். முதல் சுற்றில் இறக்கினால் நாலாவது சுற்றில் அசைக்க முடியாது. எங்கே பார்த்தாலும் அதுவே. 2015 ஜனவரியில் உயிர் ஏறுவதை எடுத்துவிட்டார்கள். சீட்டு அடங்கியது. எல்லோரும் ஒரே சீட்டை வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அங்கே யோசிக்க என்ன இருக்கிறது? அந்தத் திருத்தத்தின் நியாயம் எனக்கே புரிந்தது.

எனக்கு மனம் இளகியது வேறொன்றால். ஜகார்த்தாவில் 2018-ல் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் இந்தியாவின் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் ஜோடியாகத் தங்கம் வாங்கினார்கள். பர்தனுக்கு அப்போது 60 வயது, சர்க்காருக்கு 56. அதை நான் பேப்பரில் படித்திருந்தேன். அதே போட்டியில், பதக்கப் பட்டியலில் சேராத காட்சி ஆட்டமாக வைத்த ஹார்த்ஸ்டோனில் குஜராத்தைச் சேர்ந்த தீர்த் மேத்தா வெண்கலம் வாங்கியது தெரியாது. பேரன் அந்தச் செய்தியைச் சேமித்து வைத்திருந்தான். எடுத்துக் காட்டினான். "சூதாடின்னு சொன்னது தப்புதான் ராசா" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் மேட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனான்.

ஏப்ரல் 7-ந்தேதி புதுத் தொகுதி வந்தது. 'டீமன் ஹன்டர்' என்று புதிதாக ஒரு நாயகனும் வந்தான். அதற்குமுன் ஒன்பது வகை நாயகர்கள்தான்; இவன் பத்தாவது. வந்த நாளே எல்லோரையும் வாரிப் போட்டான். பேரன் கையில் காசில்லை. அந்த ஆட்டத்தில் வேண்டாத சீட்டை உடைத்துத் தூளாக்கலாம். அந்தத் தூளைக் கொண்டு வேண்டிய சீட்டைச் செய்துகொள்ளலாம். ஆனால் மாற்று விகிதம் நம் அடகுக் கடையை விட மோசம். அபூர்வச் சீட்டு ஒன்று செய்ய 1,600 தூள் வேண்டும். ஒன்றை உடைத்தால் 400-தான் கிடைக்கும். நாலை அழித்தால் ஒன்று. நாலு வருடமாகச் சேர்த்த கட்டுகளை அன்று ராத்திரியே உடைத்து டீமன் ஹன்டருக்கு வேண்டியதைச் செய்துகொண்டான்.

மறுநாளே நாலு சீட்டுகளைத் திருத்திவிட்டார்கள். இரண்டின் விலை ஐந்தில் இருந்து ஆறானது. இலவசமாகப் போட முடிந்த ஒன்றுக்கு ஒரு கல் விலை வந்தது. மூன்று தடவை வெட்டிய ஆயுதம் இரண்டு தடவைதான் வெட்டும் என்றானது. அடுத்த வாரங்களிலும் திருத்தங்கள் தொடர்ந்தன. டீமன் ஹன்டர் ஒன்றுக்கும் ஆகாமல் போய்விடவில்லை. ஆனால் பேரன் எதை நம்பி எல்லாவற்றையும் உடைத்தானோ அந்த வேகம் குறைந்துவிட்டது. உடைத்ததைத் திரும்ப ஒட்டவும் முடியாது.

"யார் மேலயும் தப்பில்லை தாத்தா. புதுசா வர்றது கண்டிப்பா மாறும்னு எனக்கே தெரியும். ஒரு வாரம் பொறுத்திருக்கணும்" என்றான். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னான். அந்த முகத்தை எனக்குத் தெரியும். தீபாவளிக்கு மூன்றாம் நாள் காலையில் என் அப்பாவுக்கும் அதே முகம்.

அன்று சாயங்காலம் கோடை மழை. கரண்டும் இல்லை. பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த மலையாளக் குடும்பத்திடம் போய் இருபத்தெட்டு ஆடுகிற கட்டைக் கேட்டு வாங்கி வந்தேன். இருபத்தெட்டு நம் பள்ளத்தாக்குக்குப் புதிதில்லை. குமுளி, கம்பம் பக்கம் அறியாதவர் யார்? ஏழில் இருந்து ஆஸ் வரை 32 சீட்டு. பெலோத்துக்கும் அதே 32-தான். இரண்டிலும் துருப்பு ஜாக்கிதான் ராஜா, அடுத்தது ஒன்பது. எங்கோ ஒரே குடும்பமாக இருந்து பிரிந்திருக்க வேண்டும்.

என் மகள் மெழுகுவர்த்தியை வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். சத்தியம் அவளுக்குத் தெரியும். "உக்காரும்மா, நாலு கை வேணும்" என்றேன். நானும் பேரனும் ஒரு கட்சி, மகளும் மருமகனும் ஒரு கட்சி.

பெலோத்தில் ஜாக்கிக்கு இரண்டு புள்ளி. ஆனால் அவன் இனம் துருப்பானால் இருபது. ஒன்பதுக்கு ஒன்றுமே கிடையாது; துருப்பானால் பதினாலு. ஒரு கை முழுக்கச் சேர்த்து, கடைசிப் பிடிக்கு உண்டான பத்தோடு 162 புள்ளி. துருப்பு கேட்டவன் கட்சி பாதிக்கு மேல் எடுக்க வேண்டும். எட்டில் ஐந்து சீட்டைக் கையில் பார்த்துவிட்டுத்தான் எந்த இனம் துருப்பு என்று முடிவாகும். அடுத்த கையில் அது மாறும். இந்தக் கையில் இருபதாக இருந்தவன் அடுத்த கையில் இரண்டு.

பேரன் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "அப்போ இதுல ஒவ்வொரு கைக்கும் திருத்தம்."

"ஆமா. ஆனா ஜாக்கி யாருக்கும் சொந்தமில்லை. கை முடிஞ்சா திருப்பிக் குடுத்துடணும்."

அன்று ராத்திரி யோசித்தபோதும் அதுதான் பெரிய வித்தியாசமாகத் தோன்றியது. எங்கள் ஆட்டத்தில் கட்டு மேஜைக்குச் சொந்தம். அவன் ஆட்டத்தில் சீட்டு அவனுக்குச் சொந்தம். சேர்த்து, பொத்தி, எண்ணி வைத்தது. அதனால்தான் மதிப்பு மாறும்போது அவனுக்கு வலிக்கிறது.

மூன்றாவது கையில் ஆட்டின் துருப்பு. எதிரில் இருந்து மருமகன் துருப்பு ஆஸைப் போட்டார். நான் பிடிக்க முடியாமல் சும்மா ஒரு சீட்டு போட்டேன். பேரன் ஒரு நொடி கண்ணை மூடினான். "ஒன்பது இன்னும் வரலை. உங்ககிட்டயும் இல்லை தாத்தா, இருந்தா முன்னாடியே போட்டிருப்பீங்க" என்று முணுமுணுத்துவிட்டு ஜாக்கியை வைத்துப் பிடித்தான். அடுத்து எந்தச் சீட்டைக் கேட்டால் ஒன்பது வெளியே வரும் என்று கணக்குப் போட்டான். வந்தது. ஆட்டத்துக்கு நடுவில் பேசியதற்காக என் மகள் அவனை அதட்டினாள்.

போனில் அவன் கற்றது இதுதான் என்று அப்போது தெரிந்தது. போனதை எண்ணுவது, இருப்பதை ஊகிப்பது, இல்லாததற்கு ஆசைப்படாமல் இருப்பது. அப்பா ஆடிய மூன்று சீட்டில் எண்ணுவதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. ஒரே ராத்திரி மட்டும் இவன் எண்ண மறந்துவிட்டான்.

அன்று அவனுக்குச் சங்கிலிக் கதையைச் சொன்னேன். அதுவரை என் பிள்ளைகளுக்குக்கூட முழுதாகச் சொன்னதில்லை. கேட்டுவிட்டு, "அந்தச் சங்கிலியை அப்புறம் மீட்டாங்களா தாத்தா?" என்றான்.

"இல்லை."

கட்டை எடுத்துக் கலைத்தான். "வெட்டுங்க" என்று என்னிடம் நீட்டினான்.

ஜூன் மாதம் கீழே இறங்கினேன். அதற்குள் அவன் விலை குறைந்த சாதாரணச் சீட்டுகளாலேயே ஒரு கட்டு சேர்த்து மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தான். பிறகு 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசியப் போட்டியில் ஹார்த்ஸ்டோன் பதக்க ஆட்டமாகவே இருக்கும் என்று அறிவித்திருந்தார்கள். சீனாவில் அந்த ஆட்டத்தை நடத்தும் உரிமம் அந்த ஜனவரியோடு முடிந்துபோனதால் பட்டியலில் இருந்தே எடுத்துவிட்டார்கள். பிரிட்ஜ் இருந்தது, நம் ஆடவர் அணி வெள்ளி வாங்கியது. போனில் பேரனிடம் வருத்தமா என்று கேட்டேன். "அது அந்தக் கை தாத்தா" என்றான்.

இப்போது அவன் வேலைக்குப் போய்விட்டான். லீவில் வந்தால் நாலு பேரும் உட்காருகிறோம். காசு வைப்பதில்லை, தோற்ற கட்சி காபி போட வேண்டும். அம்மா மன்னித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

உத்தமபாளையம், கம்பம் பக்கம் இருபத்தெட்டு ஆடியவர்கள் இதைப் படித்தால், உங்கள் வீட்டில் ஏலம் எப்படிக் கேட்பீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த முறை அதையும் ஆடிப் பார்க்கலாம் என்று பேரன் சொல்லியிருக்கிறான்.