மதிப்பெண்ணுக்கு முன்பே

நவம்பர் பிறந்தால், தொடக்கநிலை 6 பிள்ளைகள் உள்ள சிங்கப்பூர் வீடுகளில் ஒரு தவிப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. தேர்வு முடிந்திருக்கும், முடிவு வந்திருக்காது. பிள்ளைகள் புளோக்கின் கீழே பந்து விளையாடிக்கொண்டுதான் இருப்பார்கள். ஆனால் மின்தூக்கியில் யாராவது "எப்போ ரிசல்ட்?" என்று கேட்டால் முகம் சுருங்கிவிடும். பெரியவர்களுக்கும் ஏறக்குறைய அதே காலத்தில்தான் அலுவலகத்தில் ஆண்டிறுதி மதிப்பீடு. போனஸ், பதவி உயர்வு எல்லாம் அதைப் பொறுத்தது. சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் நானும் மகளும் ஒரே நேரத்தில் மதிப்பெண்ணுக்காகக் காத்திருந்தோம்.

பிஎஸ்எல்இ தேர்வு 1960 முதல் நடக்கிறது. 2021இலிருந்து அதற்குப் புதிய மதிப்பீட்டு முறை வந்துவிட்டது. நான்கு பாடங்கள்; ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 8 வரை ஓர் அடைவுநிலை. நான்கையும் கூட்டினால் மொத்தம். 4 வந்தால் மிகச் சிறப்பு, 32 கடைசி. ஒரு பிள்ளையை மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் பழைய முறை போய்விட்டது. நல்ல மாற்றம்தான். ஆனால் கல்வி அமைச்சு ஒப்பிடுவதை விட்டாலும், உறவினர்களின் வாட்ஸ்அப் குழு விடுவதில்லை!

அப்பா காலமான பிறகு என் அம்மா கிள்ளானிலிருந்து எங்களோடு வந்து தங்கிவிட்டார். குடும்ப ஜெபம் எங்கள் வீட்டில் அவர் வந்ததிலிருந்து ஒழுங்காக நடக்கிறது. சனிக்கிழமை இரவு 8 மணி. என் மனைவி தாதி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு வேலை வந்துவிடும். அதனால் சனிக்கிழமை இரவு எங்களுக்கு முக்கியம். சனிக்கிழமையும் அவளுக்கு வேலை என்றால் வெள்ளிக்கு மாற்றிக்கொள்வோம். கைப்பேசிகள் எல்லாம் ஒரு கூடைக்குள் போய்விடும். ஒரு கீர்த்தனை, ஒரு வேதபகுதி, கொஞ்சம் பேச்சு, கடைசியில் ஜெபம். எல்லாம் சேர்த்து இருபது நிமிடம்.

தேர்வு முடிவு வருவதற்கு முந்திய சனிக்கிழமை, அம்மா பாயசம் வைத்திருந்தார். ஜவ்வரிசி, சேமியா, நெய்யில் வறுத்த முந்திரி எல்லாம் போட்டு, பண்டிகைக்கு வைப்பதுபோல். மகள் சமையலறையில் எட்டிப் பார்த்தாள்.

"பாட்டி, இன்னைக்கு யாருக்குப் பிறந்தநாள்?"

"யாருக்கும் இல்ல. நீ ஆறாம் வகுப்பு முடிச்சிட்டல்ல, அதுக்கு."

"ரிசல்ட் இன்னும் வரலையே!"

"அது வர்றப்ப வரட்டும். பாயசத்துக்கு அது எதுக்கு?"

அன்று ஜெபத்திலும் அம்மா மதிப்பெண்ணைப் பற்றிப் பேசவில்லை. பேத்தியை இந்த வீட்டுக்குக் கொடுத்ததற்கு நன்றி, இயேசுவின் நிமித்தம் அவளை உம்முடைய பிள்ளை என்று அழைப்பதற்கு நன்றி, நாளைக்கும் அப்படியே அழைக்கப்போவதற்கு நன்றி என்று சொல்லி முடித்துவிட்டார். மகள் ஒன்றும் பேசவில்லை. ஆனால் இரண்டாவது கிண்ணம் பாயசம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

எனக்கு அந்த வரிசை மனத்தில் நின்றுவிட்டது. முதலில் நன்றி, பிறகு முடிவு. நாம் பழகிய வரிசை வேறு. முதலில் முடிவு, அது நன்றாக இருந்தால் பாயசம். அலுவலகத்திலும் அப்படித்தான், அங்கே அப்படித்தான் இருக்க முடியும். ஆனால் வேதாகமத்தைப் புரட்டிப் பார்த்தால், ஆண்டவர் மனிதரிடம் நடந்துகொள்ளும் வரிசை பெரும்பாலும் அம்மாவின் பாயசத்தைப் போலத்தான் இருக்கிறது.

ஆதியாகமத்தில் மனிதன் படைக்கப்படுவது ஆறாம் நாளில். அடுத்து வருவது ஏழாம் நாள், ஓய்வு நாள். அதாவது மனிதனுக்குக் கிடைத்த முதல் முழு நாளே ஓய்வு. வாரம் முழுவதும் உழைத்து அதை அவன் சம்பாதிக்கவில்லை. பத்துக் கட்டளைகளும் இந்த வரிசையில்தான் வருகின்றன. முதல் கட்டளையைச் சொல்வதற்கு முன்பே, உங்களை எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியே கொண்டுவந்தவர் நானே என்று கர்த்தர் நினைவூட்டுகிறார். விடுதலை முதலில், கட்டளை பிறகு. கட்டளையைக் கைக்கொண்டதற்குப் பரிசாக அவர்கள் விடுதலை பெறவில்லை.

யோர்தான் நதிக்கு வாருங்கள். இயேசு ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறும்போது, இவர் என் அன்பு மகன், இவரில் பிரியமாயிருக்கிறேன் என்ற பொருளில் வானத்திலிருந்து குரல் கேட்கிறது. மத்தேயு எழுதியபடி பார்த்தால், அதுவரை அவர் ஒரு பிரசங்கமும் செய்யவில்லை, ஒரு நோயாளியையும் குணமாக்கவில்லை. அப்பாவின் மகிழ்ச்சி வேலைக்கு முன்பே வந்துவிட்டது. அந்த மகனை விசுவாசிக்கிறவர்களையும் பிதா அதே அன்போடு ஏற்றுக்கொள்கிறார் என்பதுதான் சுவிசேஷம். நாம் திருந்திய பிறகு அல்ல, பாவிகளாக இருந்தபோதே கிறிஸ்து நமக்காக மரித்தார் என்று ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் சொல்வதும் இதையே. அதனால்தான் தமிழில் அதற்கு நற்செய்தி என்று பெயர். அறிவுரை என்றால் இனி செய்ய வேண்டியதைச் சொல்லும். செய்தி நடந்து முடிந்ததைச் சொல்லும். சிலுவையும் உயிர்த்தெழுதலும் நடந்து முடிந்தவை.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க லூக்கா 15ஆம் அதிகாரத்தைவிடப் பொருத்தமான பகுதி எனக்குத் தெரியவில்லை. ஊதாரி மகன் வீடு திரும்பும் வழியில் அப்பாவிடம் என்ன பேசுவது என்று தயார் செய்துகொண்டு வருகிறான். அதில் கடைசி வாக்கியம், என்னை உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும் என்பது. வீட்டுக்கு வந்து பேசும்போது பாருங்கள், அந்த வாக்கியம் மட்டும் இல்லை. அதற்குள் அப்பா நல்ல உடை கொண்டுவா, மோதிரம் கொண்டுவா என்று வேலைக்காரர்களைக் கூப்பிட்டுவிடுகிறார். வேலை செய்து கடனை அடைக்கிறேன் என்ற பேச்சுக்கே இடம் இல்லாமல் போய்விட்டது.

இளம் பணியாளர்கள் கவனிக்க வேண்டியவன் மூத்த மகன். அவன்தான் வீட்டின் நல்ல மதிப்பெண். இத்தனை வருடம் உமக்கு உழைத்தேனே என்று அப்பாவிடம் கணக்குக் காட்டுகிறான். மகனாக இருந்துகொண்டே மனத்தளவில் கூலிக்காரனாகிவிட்டான். விருந்துச் சத்தம் கேட்டும் உள்ளே போகாமல் வெளியே நிற்கிறான். தோற்றவனுக்குச் சுவிசேஷம் எவ்வளவு தேவையோ, ஜெயித்தவனுக்கும் அவ்வளவு தேவை. மொத்தம் 6 எடுத்த பிள்ளையிடமும், உன்னை நேசிப்பது இந்த 6க்காக அல்ல என்று யாராவது சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அந்த 6ஐக் காப்பாற்றுவதிலேயே அது வளரும்.

அப்படியானால் பிள்ளை படிக்காமல் போய்விடாதா? எங்கள் சபையில் ஒரு நண்பர் இதையே கேட்டார். நியாயமான கேள்வி. பவுலையே பதிலாகச் சொல்லலாம். நான் நானாக இருப்பது கிருபையினால் என்று சொன்ன அதே மனிதர், மற்ற எல்லாரையும்விட அதிகமாகப் பாடுபட்டேன் என்றும் அதே வசனத்தில் சொல்கிறார். கிருபை அவரைச் சோம்பேறியாக்கவில்லை. பயத்தில் உழைப்பதற்கும் பாசத்தில் உழைப்பதற்கும் வித்தியாசம் உண்டு. பயத்தில் உழைக்கும் பிள்ளை தோற்றால் மறைக்கும்.

எங்கள் மகளின் முடிவு வந்தது. மொத்தம் 22. பதினாறுக்குள் வரும் என்று அவளே ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டி வைத்திருந்தாள். கணிதம்தான் காலை வாரிவிட்டது. பள்ளியிலிருந்து வந்தவள் குளியலறைக்குள் போய் அழுதாள். வெளியே எங்களுக்குக் கேட்டது. பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, நேராகப் பாட்டியிடம் போய் எண்ணைச் சொன்னாள். எந்தப் பாடத்தில் எவ்வளவு என்று ஒளிக்காமல் சொன்னாள். அம்மா அவள் தலையைத் தடவிவிட்டு, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

அதோடு துக்கம் தீர்ந்துவிடவில்லை. நெருங்கிய தோழி வேறு பள்ளிக்குப் போகிறாள் என்பதற்காக இரண்டு நாள் மறுபடியும் அழுகை. ஆனால் ஆறு பள்ளிகளைத் தெரிவு செய்து விண்ணப்பிக்க வேண்டிய அந்த வாரத்தில் அவளே எங்களோடு உட்கார்ந்து பேசினாள். எது நம்மால் முடியும், எது முடியாது, பேருந்து எவ்வளவு நேரம் என்றெல்லாம் கேட்டாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை உண்மையை மறைக்காமல் பேசுவது பெரிய விஷயம். நான் அதை எந்த அடைவுநிலையோடும் ஒப்பிட மாட்டேன்.

ஞாயிறு ஆராதனையிலும் இதே வரிசையைப் பார்க்கலாம். எங்கள் சபையில் முதலில் பாவ அறிக்கை, உடனே மன்னிப்பின் வார்த்தை. பாட்டு, வேதவாசிப்பு, பிரசங்கம் எல்லாம் ஆன பிறகுதான் காணிக்கைப் பை சுற்றி வரும். கொடுத்து மன்னிப்பு வாங்குவது கிடையாது. மன்னிப்பைப் பெற்றவர்களாகக் கொடுக்கிறோம். வாரம் முழுவதும் உலகம் நமக்கு வேறு வரிசையைச் சொல்லிக்கொடுத்திருக்கும். அதனால்தான் ஒவ்வொரு வாரமும் போய் உட்கார்ந்து இதைத் திரும்பக் கற்க வேண்டியிருக்கிறது.

குடும்ப ஜெபம் தொடங்க நினைக்கிறவர்களுக்கு இரண்டு மூன்று யோசனைகள். நேரத்தைக் குறைவாக வையுங்கள். பத்து நிமிடம் போதும், அது நின்றுவிடாமல் நடந்தால் சரி. தமிழ் தடுமாறும் பிள்ளைகளை ஆளுக்கு ஒரு வசனம் வாசிக்கச் சொல்லுங்கள். பழைய மொழிபெயர்ப்பில் சொல் புரியாவிட்டால் தாத்தா பாட்டியிடம் கேட்கட்டும். அந்தக் கேள்வியே அவர்களை இணைக்கும். வேதநாயகம் சாஸ்திரியார் 1864இல் காலமானவர். அவருடைய பாடல்களை இன்றும் நம் சபைகளில் பாடுகிறோம். வீட்டில் பாடாவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அவை வெறும் புத்தகத்தில் இருக்கும்.

இந்த வார இறுதியில் உங்கள் வீட்டில் யாராவது எந்த முடிவுக்காவது காத்திருக்கலாம். பள்ளி முடிவு, நேர்முகத் தேர்வு, மருத்துவ அறிக்கை என்று எதுவாகவும் இருக்கலாம். அது வருவதற்கு முன்பே அவர்களோடு உட்கார்ந்து, பெயர் சொல்லி நன்றி சொல்லி ஜெபியுங்கள். முடிந்தால் கொஞ்சம் பாயசமும் வையுங்கள். ஆண்டவர் உங்கள் குடும்பத்தை ஆசீர்வதிப்பாராக.