அணில் தரை இறங்காத காடு

சென்னையிலிருந்து செங்கோட்டை போகும் பொதிகை எக்ஸ்பிரஸில் வருகிறவர்கள், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் வலது பக்க ஜன்னலுக்கு மாறிக்கொள்வது நல்லது. அடுத்த ஸ்டேஷனான ராஜபாளையம் வரும்வரை மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அதற்குள் இந்த இரண்டு ஊர்களும் எதை நம்பிப் பிழைக்கின்றன என்பது புரிந்துவிடும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் 192 அடி உயர ராஜகோபுரமும் பால்கோவாவும் நினைவுக்கு வருகின்றன. 2019-ல் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பால், சர்க்கரை, அடுப்பு நெருப்பு, கை ஓயாத கிண்டல், அவ்வளவுதான் பக்குவம். அந்தப் பாலுக்குப் பின்னால் மாடு, மாட்டுக்குப் பின்னால் புல், புல்லுக்குப் பின்னால் மலையோரத்து மழை. மழை பொய்த்தால் தீவனம் விலை ஏறும். பிறகு கோவாவும் ஏறும். ஆண்டாள் திருப்பாவையில் ஒரு பாசுரம் முழுவதையும் மழைக்காகவே பாடியிருக்கிறாள் என்றால், இந்த ஊரில் பிறந்தவளுக்கு அது இயல்புதான்!

ராஜபாளையத்தின் கதையும் தண்ணீர்க் கதைதான். அய்யனார் கோயில் அருவியிலிருந்து இறங்கும் ஆற்றுத் தண்ணீரை ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் சேர்த்து ஊருக்குக் குடிநீர் கொடுக்கிறார்கள். மலையில் மழை பெய்தால் குழாயில் தண்ணீர், இல்லாவிட்டால் குடங்களின் வரிசை. ஊர் பெருத்த பிறகு இது போதவில்லை. தாமிரபரணியிலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவரும் திட்டம் தேவைப்பட்டது. பக்கத்தில் மலை இருந்தும் அடுத்த ஆற்றைத் தேடிப் போக வேண்டிய நிலை.

இந்த மலைக்காட்டின் சொந்தக்காரர் யார் என்று கேட்டால், செண்பகத்தோப்புப் பக்கம் ஓர் அணிலைத்தான் காட்டுவார்கள். நரை அணில். முதுகில் சாம்பல் நிறத்தில் நரை ஓடியிருக்கும். முதுகில் கோடு போட்ட வீட்டு அணில் இல்லை இது. வாலோடு சேர்த்தால் ஒரு பூனை நீளம் வரும். பெரும்பாலும் தரைக்கு இறங்காது. கிளைக்குக் கிளை தாவியே வாழ்க்கை. அதனால் மரங்களின் கிளைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் நான்கு மரம் வெட்டினால், நமக்கு அது வெறும் இடைவெளி. அணிலுக்கு அதோடு ஊர் முடிந்தது. ஆற்றோரத்து மரங்களும், அடிவாரத்துப் புளியமரங்களும் மாந்தோப்புகளும் அதற்குப் பாலம். இந்த அணிலுக்காகவே 1988-ல் இங்கே சரணாலயம் அமைத்தார்கள். இந்தியாவை விட்டால் இந்த இனம் இருப்பது இலங்கையில் மட்டும்தான்.

2021 பிப்ரவரியில் இந்தச் சரணாலயத்தையும் மேகமலையையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. நாட்டில் 51-வது, தமிழகத்தில் ஐந்தாவது. சுமார் 1,016 சதுர கிலோமீட்டர். பெயர்தான் புலிக்கு; காவல் தண்ணீருக்கும் சேர்த்துத்தான். மேகமலை, வருசநாட்டுப் பக்கம் வைகையின் பிறப்பிடம். கிழக்குச் சரிவின் ஓடைகள் வைப்பாற்றுக்குப் போகின்றன. நிழல் விழும் காட்டில் மண் மழையை உறிஞ்சிவைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கசியவிடும். மொட்டை மலையில் அதே மழை ஒரே நாளில் வெள்ளமாக ஓடிவிடும். பருவமழை முன்னைப் போல் சீராக இல்லாமல், பெய்தால் ஒரேயடியாகப் பெய்யும் காலத்தில், காட்டை விடப் பெரிய அணையை யாரும் கட்டிவிட முடியாது.

ஆனால் அடிவாரத்து விவசாயியிடம் இதைச் சொன்னால் உடனே தலையாட்டிவிட மாட்டார். ராஜபாளையம் சப்பட்டை மாம்பழத்துக்கு ஆசைப்பட்டு யானையும் வரும். இரவில் தென்னையைச் சாய்த்துவிட்டுப் போகும். தோப்பு நஷ்டம் கொடுத்துக்கொண்டே இருந்தால் அது ஒருநாள் வீட்டுமனையாகும். அங்கே அணிலின் பாலம் அறுந்துபோகும். ஆகவே, நஷ்டஈடு தாமதமில்லாமல் கிடைப்பதும் காடு காக்கும் வேலைதான். மலையிலேயே தலைமுறைகளாக வாழும் பளியர்களுக்கும் இதில் சொல்ல நிறைய இருக்கிறது. அவர்களைக் கேட்காமல் போடும் திட்டம் பாதி திட்டம்தான்.

ஊருக்குள் வந்தால் நூற்பாலைகள். 1936-ல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கியதிலிருந்து பஞ்சும் நூலும்தான் இந்த ஊரின் மூச்சு. மில் ஓட மின்சாரம் நிறைய வேண்டும். தமிழ்நாட்டு மில்காரர்கள் முன்கூட்டியே காற்றாலையில் பணம் போட்டதற்குக் காரணம் சுற்றுச்சூழல் பாசம் மட்டுமில்லை, கரண்ட் பில்லும்தான். எதுவானாலும் நல்லதே. பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். அதை வெளுப்பதற்கு ஏராளமான தண்ணீர் வேண்டும். அங்கே காற்றாலை உதவாது. பயன்படுத்திய தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்துவது ஒன்றே வழி. ராஜபாளையத்தைக் கார்பன் சமநிலை நகரமாக்கும் பேச்சு எழுந்திருக்கும் நேரத்தில் புகையைப் போலவே இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் இந்த ஊருக்குப் புதிதாகத் தோன்றாது. நூல் நூற்கும் ஊர் அல்லவா! பால்கோவா வாங்கப் போகிறவர்கள் ஒரு துணிப்பையை மடித்து எடுத்துப் போகலாம்.

செண்பகத்தோப்புக் காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். விடியற்காலையில் போனால், தரையைப் பார்க்காமல் புளியமரத்து உச்சியைப் பாருங்கள். இலையும் குச்சியுமாக உருண்டையான கூடு தெரிந்தால், கொஞ்ச நேரம் பேசாமல் நில்லுங்கள்.